அலைச்சல் செலவு: கடன் கணக்கில் யாரும் எழுதாத பாதி

எங்க அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தார். 1980களின் கடைசியில் நடந்தது இது. புதுப் பாத்திரம் வாங்கவும், மழைக்கு மேலே தகரம் போடவும் ரெண்டாயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் வங்கிக் கிளை இருந்தது. வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா கிளம்பிப் போனார்.

முதல் நாள் மேனேஜர் லீவு. ரெண்டாம் நாள் வருமானச் சான்று கேட்டார்கள். அதற்காகத் தாலுகா ஆபீஸ். மூணாம் தடவை, ஜாமீன் போட ஆள் கூட்டி வா என்றார்கள். நாலாம் தடவை போட்டோ. "அடுத்த வாரம் வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா அடுத்த வாரம் போகவில்லை. கடை வாசலுக்கே வருகிற தண்டல்காரரிடம் ஆயிரம் ரூபாய்த் தண்டல் ரெண்டு எடுத்தார். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கையில் கொடுத்தது 850. தினம் பத்துப் பத்து ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும்.

850 ரூபாய் வாங்கி நூறு நாளில் ஆயிரமாகக் கட்டினால், 150தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வட்டி வருஷத்துக்கு 120 சதவீதத்தைத் தொடும். 12 எங்கே, 120 எங்கே!

"படிக்காத பொம்பளை, ஏமாந்துட்டா" என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். குழுவில் சேர்ந்து, கணக்கு எழுதிப் பழகி, கடன் வந்த வரலாற்றையும் படித்த பிறகுதான் புரிந்தது. அம்மா ஏமாறவில்லை. கணக்குப் போட்டுத்தான் அங்கே போனார். அவர் போட்ட கணக்கில் வட்டியோடு இன்னொரு செலவும் இருந்தது. அந்தச் செலவின் கதைதான் இந்தக் கட்டுரை. நம்ம குழுக்கள் ஏன் பிறந்தன என்பதற்கும் அதுதான் காரணம்.

அதற்கு ஒரு பேர் உண்டு

ஒரு பொருளை வாங்கவோ விற்கவோ, ஒரு கடனைக் கொடுக்கவோ எடுக்கவோ, அந்தப் பொருளின் விலைக்கும் கடனின் வட்டிக்கும் மேலே ஆகிற செலவைப் பொருளாதாரப் புத்தகங்களில் பரிவர்த்தனைச் செலவு என்கிறார்கள். ஆளைத் தேடுவது, நம்பலாமா என்று விசாரிப்பது, விலை பேசுவது, பத்திரம் எழுதுவது, எடை சரியா என்று பார்ப்பது, சொன்னபடி நடக்காவிட்டால் பின்னாலேயே போய் வசூலிப்பது எல்லாம் இதில் அடங்கும். ரொனால்டு கோஸ் என்ற ஆங்கிலேயர் 1937ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 26 வயது. சந்தையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசி வாங்குவதற்கே ஒரு செலவு இருக்கிறது, அதைக் குறைக்கத்தான் மனுஷர்கள் சேர்ந்து ஒரு நிறுவனமாக வேலை செய்கிறார்கள் என்று சொன்னார். 1991ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குப் புரிகிற மாதிரி இதை அலைச்சல் செலவு என்று வைத்துக்கொள்வோம். பேர் புதுசு, பாடு பழசு.

படி, மரக்கால், உண்டியல்

நம்ம பாட்டி காலத்தில் ஒரு ஊர்ப் படியும் அடுத்த ஊர்ப் படியும் ஒரே அளவாக இருக்காது. மரக்காலும் அப்படித்தான். நெல் விற்கப் போகிறவர் விலையை மட்டும் கேட்டால் போதாது. எந்தப் படியில் அளப்பீர்கள், தலை தட்டி அளப்பீர்களா, குவித்து அளப்பீர்களா என்றும் கேட்க வேண்டும். அளவு தெரியாதவருக்கு நஷ்டம், தெரிந்தவருக்கு லாபம். 1956ல் எடை அளவுச் சட்டம் வந்தது. அதன் பிறகு சில வருஷங்களில் கிலோவும் லிட்டரும் நாடு முழுக்கப் பரவின. 1957 ஏப்ரல் 1 முதல் நூறு பைசா ஒரு ரூபாய் ஆனது. இதனால் ஒரு மூட்டை நெல்கூட அதிகம் விளையவில்லை. ஆனால் சந்தையில் ஏமாறுவது குறைந்தது. அலைச்சல் செலவைக் குறைத்தாலே கைக்கு வருகிற காசு கூடும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

பருத்தி விவசாயிகள் கதையும் இதுதான். தரகு, எடைக்கூலி, மாதிரி பார்க்க எடுக்கும் பிடி, கோயில் மகமை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டுதான் வியாபாரி காசு கொடுப்பார். 1933ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் போட்டார்கள். 1936ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. எடைக்குப் பொதுத் தராசு, கழிவுக்கு ஒரு வரம்பு. 1999ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும் இந்த வழியில் வந்ததுதான். இடையில் இருக்கும் கைகளைக் குறைப்பதே அதன் வேலை.

பெரிய வியாபாரிகள் இந்தச் செலவை எப்படிச் சமாளித்தார்கள்? நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து வட்டித் தொழில் நடத்தியவர்கள். பணத்தைக் கப்பலில் மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு ஊரில் எழுதிய உண்டியலை இன்னொரு ஊரில் காட்டினால் காசு கிடைக்கும். எழுதியவர் யார், எந்த ஊர், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், சொன்ன சொல் காப்பாற்றுகிறவரா என்பது அவர்களுக்குள் எல்லாருக்கும் தெரியும். பேர் கெட்டால் தொழிலே போய்விடும். அதனால் ஜாமீனும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். நம்பிக்கைதான் அவர்களுக்கு முதல்.

ஆனால் அந்த நம்பிக்கை அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. நிலம் இல்லாதவர், நகை இல்லாதவர், அதிலும் பெண்பிள்ளை, வட்டத்துக்கு வெளியேதான் நின்றார்கள். ஏழைகள் தங்களுக்குள்ளேயே அப்படி ஒரு நம்பிக்கை வட்டத்தை உண்டாக்க முடியாதா என்று ஒருவர் யோசித்தார். அவர் இருந்தது ஜெர்மனியில்.

ஒரு மேயரும் ஒரு கலெக்டரும்

1846-47ல் ஜெர்மனியில் கடும் பஞ்சம். வையர்புஷ் என்ற சின்ன ஊருக்கு ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்பவர் மேயராக இருந்தார். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். பிறகு ஊர் ஊராகக் கடன் சங்கங்களை அமைத்துப் பார்த்தார். பணக்காரர்களின் தர்மத்தை நம்பிய சங்கங்கள் நிலைக்கவில்லை என்பதைக் கண்டார். 1864ல் ஹெட்டஸ்டார்ஃப் என்ற ஊரில் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினராக இருக்கும் சங்கத்தை அமைத்தார்.

அவர் வகுத்த விதிகளைப் படித்தால் நமக்கு நம்ம குழுவின் தீர்மான நோட்டைப் படிக்கிற மாதிரியே இருக்கும். சங்கம் ஒரு சின்ன ஊருக்குள் இருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும். கடனுக்கு எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கடன் எதற்கு வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும்.

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். வெளியூர் வங்கிக்காரர் ஒரு குடியானவரை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள நாலு நாள் விசாரிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கோ ஏற்கெனவே தெரியும். அந்தத் தெரிந்த விஷயத்துக்கு விலை கிடையாது. அதைப் பயன்படுத்தினால் கடன் சல்லிசாகும்.

1892ல் சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, நம்ம விவசாயிகளுக்கு எந்த மாதிரி வங்கி பொருந்தும் என்று பார்த்து வரச் சொன்னது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் அவர். இந்த மண்ணின் நிலைமை அவருக்குத் தெரியும். 1895லும் 1897லும் ரெண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ரைஃபைசனைப் போல ஒருவரை இங்கேயும் தேட வேண்டும் என்பதே அதன் சாரம். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் ஒரு வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமும் பதிவாயின. இந்தியாவின் கூட்டுறவு வரலாற்றின் தொடக்கத்தில் நம்ம பக்கத்து மண்ணுக்கும் இடம் உண்டு.

நாற்பத்தேழு வருஷம் கழித்து

சட்டம் வந்து 47 வருஷம் ஆன பிறகு, 1951-52ல் ரிசர்வ் வங்கி நாடு முழுக்க ஒரு ஆய்வு செய்தது. கிராமத்து விவசாயிகள் வாங்கும் கடன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். 1954ல் முடிவு வெளியானது. நூறு ரூபாய்க் கடனில் கூட்டுறவிலிருந்து வந்தது 3 ரூபாய் 10 பைசா கணக்கு. அரசிடமிருந்து 3 ரூபாய் 30 பைசா. வங்கிகளிலிருந்து 90 பைசா. மூன்றும் சேர்ந்து 7 ரூபாய் 30 பைசாதான். மீதி முழுக்க வட்டிக்கடைக்காரர், நிலக்கிழார், வியாபாரி, உறவினர் என்று போனது.

நிலம் உள்ளவர்கள் கணக்கே இப்படி என்றால், நிலம் இல்லாத பெண்களின் நிலைமையைச் சொல்ல வேண்டுமா?

1969 ஜூலை 19ஆம் தேதி 14 பெரிய வங்கிகள் அரசுடைமை ஆயின. கிராமங்களில் கிளைகள் திறந்தார்கள். 1972ல் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் என்ற திட்டம் வந்தது. 1978ல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கறவை மாடு, தையல் மிஷின் என்று மானியத்தோடு கடன் கொடுத்தார்கள். வட்டி குறைந்தது, கிளை பக்கத்தில் வந்தது. ஆனால் வாசல்படி தாண்டி உள்ளே போகிற செலவு குறையவில்லை. எங்க அம்மா திரும்பி வந்தது அந்த வாசல்படியிலிருந்துதான்.

இப்போது அம்மா போட்ட கணக்கை நாமும் போடுவோம். கூலி, பஸ் கட்டணம் எல்லாம் அந்தக் காலத்துக்கு ஏற்ற உத்தேசத் தொகைகள்.

ரெண்டாயிரம் ரூபாய்க் கடன், 12 சதவீத வட்டி, ஒரு வருஷத்தில் மாதத் தவணையாகக் கட்டுவது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மொத்த வட்டி 130 ரூபாய். இந்தக் கடன் கைக்கு வர அஞ்சு நடை. ஒரு நடைக்குப் பஸ் செலவு 6 ரூபாய், போன நாளின் வருமானம் 25 ரூபாய். ஆக 31. அஞ்சு நடைக்கு 155. போட்டோ, நகல், சான்றிதழ் செலவு 70. மொத்த அலைச்சல் செலவு 225 ரூபாய். அதாவது வட்டியைவிட அலைச்சல் அதிகம்! 12 சதவீதக் கடன், கைக்கு வரும்போது ஏறக்குறைய 33 சதவீதக் கடன் ஆகிவிடுகிறது.

இதே அஞ்சு நடை நடந்து ஒருவர் ஐம்பதாயிரம் வாங்குகிறார் என்று வையுங்கள். அவருக்கும் அலைச்சல் அதே 225தான். ஆனால் வட்டி 3,250 ரூபாய். அதன் பக்கத்தில் 225 ஒரு பொருட்டே இல்லை. அலைச்சல் செலவு எல்லாருக்கும் ஒன்றுதான். கடன் சின்னதாக இருந்தால் அது பெரிய சுமை, கடன் பெரியதாக இருந்தால் தூசி. ஏழைக்கு வங்கி ஏன் தூரமாக இருந்தது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

33 என்றாலும் தண்டலின் 120ஐவிடக் குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் அஞ்சு நடை நடந்த பிறகும் கடன் கிடைக்கும் என்று உறுதி இல்லை. கடை பூட்டிக் கிடந்த நாளில் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் பழகிவிடுவார். மழையோ அடுத்த வாரம் வரை காத்திருக்காது. தண்டல்காரர் விற்றது பணத்தை மட்டும் இல்லை. "இன்னைக்கே, இங்கேயே, கேள்வி இல்லாம" என்பதையும் சேர்த்து விற்றார். அதற்கு அநியாய விலை வாங்கினார். அந்த அநியாயத்தைத் தடுக்க 2003ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டமே போட வேண்டியிருந்தது.

வங்கிக்காரர் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். ரெண்டாயிரத்துக்கும் ஒரு பைல், ரெண்டு லட்சத்துக்கும் ஒரு பைல். எழுதுகிற நேரம் ஒன்றுதான். நம்மிடம் வரும் 130 ரூபாய் வட்டியில், டெபாசிட் போட்டவருக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் ஒரு அதிகாரி நம்ம வீடு வரை வந்து பார்த்துப் போகிற செலவுகூடத் தேறாது. மனுஷர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம். கணக்கே நமக்கு எதிராக இருந்தது.

பெண்கள் போட்ட மாற்றுக் கணக்கு

இந்தக் கணக்கை மாற்றிக் காட்டியது பெண்கள்தான். அகமதாபாத்தில் எலா பட் 1972ல் சேவா சங்கத்தை அமைத்தார். காய்கறி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், தலைச்சுமைத் தொழிலாளிகள் அதில் இருந்தார்கள். வங்கிக்குப் போனால் மதிப்பில்லை, போய் வரும் நேரத்தில் அன்றைய பிழைப்பும் போச்சு. நம்ம வங்கியை நாமே வைப்போம் என்று அவர்களே சொன்னார்கள். 1974ல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுக் கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் கொடுத்தார்கள். படிவத்துக்காகப் பெண்கள் மாறவில்லை, பெண்களுக்காகப் படிவம் மாறியது.

1976ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குத் தன் கையிலிருந்து கடன் கொடுத்தார். மொத்தத் தொகை 856 டாக்காதான். மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடமே கடன் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்துதான் கிராமீன் வங்கி வளர்ந்தது.

1978ல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். தெருவில் வியாபாரம் செய்யும் பெண்களைப் பத்து இருபது பேராகச் சேர்த்து, தலைவி ஒருவர் பொறுப்பேற்க, அந்த 4 சதவீத வங்கிக் கடனை வாங்கித் தந்தார்கள். வங்கியின் தாமதம் தாங்காமல் 1981ல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமே வைத்துக்கொண்டார்கள்.

கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை அமைத்திருந்தது. 1980களின் நடுவில் சில சங்கங்கள் உடைந்தன. ஆனால் உறுப்பினர்கள் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் நம்புகிறவர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். வாங்கிய பணத்தைக் குழுவில் திருப்பிக் கட்டுகிறோம் என்றார்கள். நபார்டு வங்கி 1987ல் அவர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்து, இந்த முறையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது.

நம்ம மாநிலத்தில் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதை நடத்தியது. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்து, 1997-98ல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது.

1992ல் நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை அறிவித்தது. நாடு முழுக்க 500 குழுக்கள் என்பது இலக்கு. முதல் வருஷம் இணைந்தது 255 குழுக்கள், கடன் 29 லட்சம் ரூபாய். இன்று வங்கிக் கணக்கு வைத்திருக்கும் குழுக்கள் ஒரு கோடிக்கும் மேல்.

இருபது பேர், ஒரு பைல்

அதே கணக்கைக் குழுவாகப் போட்டுப் பாருங்கள். இருபது பேர், ஆளுக்கு ரெண்டாயிரம், மொத்தம் நாற்பதாயிரம். வங்கிக்கு ஒரே பைல். அஞ்சு நடைக்கும் ரெண்டு பிரதிநிதிகள் போனார்கள் என்றாலும் 310 ரூபாய். பேப்பர் செலவு 70. மொத்தம் 380. இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 19 ரூபாய். 225 எங்கே, 19 எங்கே! 12 சதவீதக் கடன் 14க்குள் நின்றுவிட்டது.

இது நம்ம மனக்கணக்கு மட்டும் இல்லை. 1990களில் நபார்டைச் சேர்ந்த புகழேந்தி இதை ஆய்வு செய்தார். தொண்டு நிறுவனமும் குழுவும் நடுவில் இருந்தால் வங்கியின் பரிவர்த்தனைச் செலவு சுமார் 40 சதவீதம் குறைந்தது, கடன் வாங்குபவரின் செலவு சுமார் 85 சதவீதம் குறைந்தது என்று கண்டார்.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தச் செலவு மாயமாய் மறைந்து போனதா?

இல்லை. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று விசாரிக்கும் வேலை, பைல் எழுதும் வேலை, வசூல் வேலை, தவணை தவறினால் வீடு தேடிப் போகும் வேலை எல்லாம் வங்கியிலிருந்து நம்ம கைக்கு வந்தது. வாரம் ஒரு மணி நேரக் கூட்டம் என்று வைத்தால், இருபது பேர், வருஷத்துக்கு 48 வாரம், மொத்தம் 960 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 120 நாள். அந்தக் காலத்து 25 ரூபாய்க் கூலியில் மூவாயிரம் ரூபாய். ஆளுக்கு 150. மறுபடியும் வட்டியைத் தாண்டுகிறது! ஊக்குநர் ராத்திரி உட்கார்ந்து எழுதிய நோட்டும், பிரதிநிதி வங்கி பெஞ்சில் உட்கார்ந்த மதியமும் இதில் சேரவில்லை.

கூட்டத்தில் கடன் மட்டும் பேசவில்லை என்பது உண்மைதான். சேமித்தோம், பள்ளிக்கூடம் பற்றிப் பேசினோம், தண்ணீர்க் குழாய்க்கு மனு எழுதினோம், அடி வாங்கியவளுக்குத் துணை போனோம். அந்த நேரம் வீண் இல்லை. ஆனாலும் அது இலவசமும் இல்லை. "குழுப் பெண்களுக்கு வங்கி உதவி செய்தது" என்று மேடையில் பேசும்போது, வங்கிக்கு நாம் செய்த உதவியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு மதிப்பூதியம் கொடுக்கலாமா என்று கூட்டமைப்பில் பேச்சு வரும்போது, "சும்மா எழுதுறதுதானே" என்று யாராவது சொன்னால் இந்த 120 நாள் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

இன்று வாசலுக்கு வருகிறவர்கள்

இப்போது பழைய தண்டல்காரர் இடத்தில் பைக்கில் நுண்கடன் நிறுவனத்து ஆட்கள் வருகிறார்கள். ஆதார் கொடுத்தால் போதும், பணம் கணக்கில் ஏறுகிறது. போனிலேயே கடன் தரும் செயலிகளும் வந்துவிட்டன. அலைச்சல் இல்லை. நம்ம தங்கைகள் அங்கே போவதும் அம்மா போட்ட அதே கணக்கில்தான். "கூட்டத்துக்கு யாருக்கா வாராவாரம் வர்றது?" என்று கேட்கிறார்கள். திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஆனால் அலைச்சலைக் குறைத்தவர் அதற்கு எவ்வளவு வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். கடன் சுலபமாகக் கிடைத்தால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறும். ஆந்திராவில் அப்படி ஏறிய கடனும் வசூல் நெருக்கடியும் முற்றி, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போடும் நிலை வந்தது. 2022ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. வருஷ வருமானம் மூணு லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் கொடுத்தால் அடமானம் கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. கடனின் முழு விலையையும் எளிய படிவத்தில் எழுதித் தர வேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும்.

ஆகவே யார் கடன் கொடுத்தாலும், வங்கியோ நுண்கடனோ நம்ம கூட்டமைப்போ, மூணு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, எழுதுகிற தொகை எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு?

ரெண்டு, கடைசித் தவணை வரை கூட்டினால் நான் கட்டுகிற மொத்தம் எவ்வளவு?

மூணு, இதற்காக எனக்கு எத்தனை நாள் போகும்?

முதல் ரெண்டு கேள்வியும் வெளியாரிடம் கேட்பதற்கு. மூணாவதை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கடன் மனு கிராமத்திலிருந்து கூட்டமைப்புக்கு வந்து, வங்கிக்குப் போய், பணமாகத் திரும்ப எத்தனை வாரம் ஆகிறது? ஒரே சான்றை எத்தனை தடவை கேட்கிறோம்? ஒரு கையெழுத்துக்காக எத்தனை பெண்கள் நம்ம ஆபீஸ் திண்ணையில் காத்திருக்கிறார்கள்? ரைஃபைசன் சங்கமும் 1904 சட்டமும் அலைச்சலைக் குறைக்கத்தான் வந்தன. பிறகு அவற்றின் வழியில் வந்த எத்தனையோ அலுவலகங்களில் அலைச்சல் புதுசாக முளைத்தது. நமக்கும் அது நடக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை.

எங்க அம்மா 1990களின் கடைசியில் ஒரு குழுவில் சேர்ந்தார். முதல் கடனில்தான் கடைக்கு நல்ல கூரை போட்டார். "வாரா வாரம் ஒரு மணி நேரம் மீட்டிங்ல போகுதேம்மா" என்று ஒரு நாள் கேட்டேன். மாவு கரைத்துக்கொண்டே சொன்னார்: "தண்டல்காரன் வந்து கடை முன்னாடி அஞ்சு நிமிஷம் நிப்பான் பாரு, அந்த அஞ்சு நிமிஷம் இதைவிட நீளம்டி."

அந்த அஞ்சு நிமிஷத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது. அதை ஒழிக்கத்தான் நாம் சேர்ந்தோம்.